எழுபத்தொரு கிலோ

“எழுபத்தொரு கிலோ! ஒரே மாசத்துல!”

மைக்கில் அறிவித்த உடற்பயிற்சி ஆசிரியருக்கே நம்ப முடியவில்லை. கூட்டல் தப்போ என்று மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறியிருந்தார்.

பள்ளியில் அது உடல் பருமன் விழிப்புணர்வு மாதம். முதல் நாளும் கடைசி நாளும் ஒவ்வொரு வகுப்பையும் எடை போடுவது, மொத்தத்தில் அதிகம் குறைந்த வகுப்புக்குக் கோப்பை தருவது என்று மாணவிகளின் நலக் குழு ஏற்பாடு செய்திருந்தது.

மற்ற வகுப்புகள் நாலு கிலோ, ஆறு கிலோ என்று தள்ளாடிக்கொண்டிருக்க, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு எங்கேயோ போய்விட்டது. முதல் நாள் நாற்பது பேரும் காலணியைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறி இறங்கிய வகுப்பு அது.

நலக் குழுவின் தலைவியும் அந்த வகுப்புதான். ஊதினால் பறந்துவிடும் உடம்பு, பேச்சு மட்டும் கனம். கோப்பையை வாங்கியதும் தோழிகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவளோடு சேர்த்து முப்பத்தொன்பது பேரும் மேடையில் நெருக்கியடித்து நின்றார்கள்.

சிறப்பு விருந்தினரான டாக்டர், தொப்பையைக் கோட்டுக்குள் இழுத்துப் பிடித்தபடி எழுந்து வந்தார். “என் ஆஸ்பத்திரியில தலைகீழா நின்னாலும் இது நடக்காது. எப்படிம்மா சாதிச்சீங்க?”

“கண்டிப்புதான் சார். குண்டா இருக்கறவங்க டிபன் பாக்ஸை தினமும் திறந்து பார்ப்போம். ரெண்டாவது வாய் வைக்கும்போது எல்லாரும் சேர்ந்து கைதட்டுவோம். அப்படியே மூடி வச்சிடுவாங்க.”

“அட!”

“மாடிப்படி ஏறும்போது பின்னாலயே படியை எண்ணிக்கிட்டு வருவோம். மூச்சு வாங்கினா நாங்களும் வாங்கிக் காட்டுவோம். உட்காரும்போது, ‘பெஞ்சே, பெஞ்சே, தாங்கிக்கோ’ன்னு பாட்டு. எல்லாம் அவங்க நல்லதுக்குத்தானே சார்!”

“எங்க பிள்ளைங்களுக்கு அவ்வளவு அக்கறை” என்று பூரித்தார் தலைமையாசிரியை. டாக்டர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பேச ஆகும்.

“சரி, அதிகமா இளைச்சது யாரு? முன்னாடி வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்.”

யாரும் நகரவில்லை. தலைவி குனிந்து, பளபளத்த கோப்பையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

“வெட்கப்படாதீங்கம்மா. பெருமையான விஷயம்!”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். அரங்கமே கைதட்டியது. டாக்டர் அவள் பக்கத்தில் போய் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“நீதானாம்மா அது?”

“இல்ல சார். இங்க யாரும் இளைக்கல. என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ, போன வாரம் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா.”