அக்காவின் முட்டி

இறுதிப்போட்டியன்று கிதியோனின் வலது முட்டி வலியைத் தன் முட்டிக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, அவன் அக்கா ரோஸ்லின் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்தவர்களால் மட்டும்தான் அப்படி வாங்க முடியும். வியாசர்பாடி அணியில் கோல் அடிக்க அவனை விட்டால் ஆளில்லை. இன்னொரு ஃபார்வர்டு கணுக்கால் உடைந்து வீட்டில் கிடந்தான்.

இடைவேளையில் கோச் நேராக அவளிடம்தான் வந்தார்.

"முட்டி எப்படிம்மா இருக்கு? ரொம்ப வலிச்சா சொல்லிடு, அவனை வெளிய எடுத்துடறேன்."

முட்டிக்குள் யாரோ கண்ணாடித்துண்டைத் திருகுவதுபோல் இருந்தது. தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாஸ்டர்."

"எங்கக்கா ரெண்டு புள்ள பெத்தவ மாஸ்டர். இதெல்லாம் அவளுக்கு ஜுஜுபி!" என்று சிரித்துக்கொண்டே கிதியோன் ஓடினான்.

இரண்டு கோல் அடித்தான். இரண்டாவதை உதைத்தபோது ரோஸ்லின் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலோடு மைதானத்தைச் சுற்றி வந்தான். அவன் முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் கறுத்துவிட்டிருந்தது. தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கிதியோன் கண் விழித்தபோது அவனைக் கழுத்துவரை போர்த்தியிருந்தது.

"அக்கா, உனக்கு இன்னும் முட்டி வலிக்குதா?"

அவன் கால் போன பிறகும் அவளுக்கு வலித்தது. அவளால் காலை நீட்டக்கூட முடியவில்லை.

"வலிக்குதுடா."

"அப்பாடா" என்றான். "கீழ ஒண்ணுமே தெரியலியா, காலை எடுத்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.