அரண்மனை கடலுக்குப் போனது

"கடலுக்கு நீ தனியாப் போக முடியாதும்மா. ராஜா போகணும். ராஜா போனா அரண்மனை போகும். அரண்மனை போனா நீயும் வரலாம்" என்றார் காரியக்காரர்.

எதிரே நின்றவளை அரண்மனை வேலைக்காரர்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் உரிமையோடு அப்படிக் கூப்பிட, கூடப்பிறந்தவன் ஒருவன்தான் இருந்தான். கடலோரத்தில் தோணி விட்டுப் பிழைத்தவன். போன தோணி திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. சேதி வந்த சமயம் ராணிக்குப் பிறந்தநாள். கொண்டாட்டம் முடியும்வரை துக்கச் சேதி உள்ளே வரக்கூடாது என்று, கொண்டுவந்தவனை வாசலிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

"புதைக்க உடம்பு இல்லீங்க. அந்தத் தண்ணியவாவது ஒரு தடவ பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"அரண்மனை ஆளு அரண்மனை இருக்கற இடத்துலதான் இருக்கணும். சட்டம் நானா போட்டேன்? பெரிய ராஜாவுக்கு இருமல் வந்தப்ப, கடல்காத்து வாங்கணும்னு வைத்தியர் சொன்னார். எல்லாரும் போனோம். இவரு என்னடான்னா கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு."

காரியக்காரருக்கே அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தாற்போல் தெரிந்தது. அக்கா தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

யார் கண் பட்டதோ, மறுநாளே கல்லுக்குண்டு சரிந்தது. மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது என்று ராஜா தட்டைத் தள்ளினார். அடுத்த வேளையும் தள்ளினார்.

சமையலில் குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவும் கூடாது. ராஜாவின் பானைக்குத் தனி அடுப்பு. அதை ருசி பார்க்கத் தனியாக ஓர் ஆள். அவரைத் தவிர வேறு யாரும் அதில் விரல் வைக்க முடியாது. ஒரு வாய் உண்டுவிட்டு, "அமிர்தம்" என்று சொல்வது அவருடைய உத்தியோகம். அவருக்கு முன்பிருந்தவர் ஒருநாள், காரம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு, இப்போது குதிரை லாயத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆகவே எல்லாம் அமிர்தம். குறை ராஜாவின் நாக்கில்தான்.

ராஜா பிறரைப் பார்த்து நாக்கை நீட்டுவது முறையல்ல என்பதால், வைத்தியர் வெளியிலிருந்தே தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, நாக்கு செத்துவிட்டது என்றார். மந்திரிகள் உடனே தங்களுக்கும் நாக்கு செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். கஷாயம், லேகியம், பத்தியம் எல்லாம் நடந்தன. ராஜாவின் கன்னம் ஒட்டியதுதான் மிச்சம். கைச்சரக்கு தீர்ந்ததும் வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு, கடல்காற்று என்றார்.

அரண்மனை புறப்பட்டது. கட்டில் போயிற்று. கட்டிலுக்குத் துணையாகப் படுக்கையறைக் கதவும் கழற்றப்பட்டுப் போயிற்று. அது கிறீச்சிடாமல் ராஜாவுக்குத் தூக்கம் வராது. மயில்கள் போயின. கடலைப் பாட ஒரு கவிஞர் போனார். கடலைப் பார்த்ததில்லை என்றாலும், பாதி வழியிலேயே பாடி முடித்துவிட்டார். கடைசி வண்டியில், அண்டா குண்டாக்களுக்கு நடுவே, வாய் மூடிய ஜாடி ஒன்றை மடியில் அணைத்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் போனவர்கள் கடற்கரையைக் கூட்டிக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். வலைகளை எடுக்கச் சொல்லி மீனவர்களை விரட்டியாயிற்று. கடல்காற்றில் கவிச்சி அடிக்கிறது என்று பன்னீர் தெளித்தாயிற்று. அலையின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று விசாரித்துவர ஓர் ஆளும் போயிருந்தான்.

கூடாரம் அடிக்கிற சந்தடியில் அக்கா தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். இடுப்பில் அந்த ஜாடி. பின்னாலேயே காரியக்காரர் வந்தார்.

"என்னம்மா, தம்பி போன தண்ணிய மொண்டு வெச்சுக்கப் போறியா?"

அவள் ஜாடியைத் திறக்கவில்லை. அலை வந்து காலை நனைத்தது. "டேய் தம்பி" என்று ஒருமுறை கூப்பிட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல்தான். பிறகு, அலை மணலை இழுத்துக்கொண்டு போவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரியக்காரர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "நல்லவேளை, ராஜாவுக்கு நாக்கு செத்துச்சு. இல்லன்னா உனக்கு இது கெடைச்சிருக்குமா?" என்றார்.

"கெடைச்சிருக்காதுங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேரமாச்சு. அடுப்பு பத்த வெச்சிருப்பாங்க."

அன்று மதியம், "அமிர்தம்" என்று சொல்ல வாயைத் திறந்த ருசிக்காரர், சொல்ல மறந்து இரண்டாவது வாய் அள்ளப் போனார். ராஜா ஒரு வாய் வைத்தார். கண்கள் விரிந்தன. இன்னொரு வாய். பிறகு தட்டை வழித்து விரலையும் சூப்பினார். கடல்காற்று வேலை செய்துவிட்டது என்று கூடாரமே குதூகலித்தது. வைத்தியருக்கு ஒரு கிராமம் பரிசு. மந்திரிகளின் நாக்குகளும் அந்தக் கணமே பிழைத்துக்கொண்டன.

அடுப்படியில் அக்கா ஜாடியின் வாயை மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். காய் நறுக்க ஒருவர், கிளற ஒருவர், இறக்கி வைக்க ஒருவர் என்று அரண்மனையில் ஆளுக்கு ஒரே வேலைதான். ராஜாவின் பானையில் உப்புப் போடுவது அவள் வேலை. தனியாகப் போக முடியாது என்று காரியக்காரர் சொன்ன நாளுக்குப் பிறகு, அவள் அந்த உப்பு ஜாடியைத் திறந்தது அன்றுதான்.