முங்கி எழுந்தால் சம்மதம்
சுற்றிலும் மனை போட்ட பிறகு மிஞ்சி நிற்கும் சிட்லபாக்கத்துக் கிணற்றில், தண்ணீருக்குள் இறங்கும் படிகளில் கழுத்தளவுக்கு நின்றபடி எங்கள் நீச்சல் சங்கத்தின் பொதுக்குழு நடக்கிறது. காலை வெயில் பாதிச் சுவர் வரைதான் இறங்கியிருக்கிறது. செயலாளர் தனசிங் சார் மட்டும் தண்ணீரில் இறங்காமல், சட்டை பேன்ட்டோடு மேற்படியில் உட்கார்ந்திருக்கிறார். நீந்தி முடித்ததும் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று தலை எண்ணுவது செயலாளரின் வேலை. போன மாதம் அவர் எண்ணியதில் ஏசுபாதம் விட்டுப்போனான். அவன் சோப்பு டப்பா சுவர்ப் பொந்தில் அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை. “என்னால இனிமே முடியாது. வேதசிரோமணி பாத்துக்கட்டும்” என்று சார் என்னை மேலே வரச் சொல்லி, விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டுகிறார். கயிறு அவர் வியர்வையில் நனைந்திருக்கிறது. “நான் வேணாம் சார்.” “நீதானப்பா அவனை அடியிலேர்ந்து தூக்கிட்டு வந்தே. வேற யாரைச் சொல்ல?” எங்கள் சங்கத்தில் ஓட்டுக்குக் கை தூக்குவதில்லை; சம்மதம் என்றால் முங்கி எழ வேண்டும். தேர்வாகிறவன் மட்டும் முங்கக் கூடாது. “சம்மதமா?” என்கிறார் சார். எல்லாத் தலைகளும் ஒன்றாக மறைகின்றன. கிணற்றில் யாருமே இல்லை. குமிழிகள் வந்து உடைகின்றன. எங்கோ மின்சார ரயில் போகிற சத்தம். பிறகு தலைகள் எழுகின்றன, மூக்கைச் சிந்துகின்றன, “வாழ்த்துகள் மச்சான்” என்கிறான் ஒருவன். நான் எண்ணுகிறேன். சரியாக இருக்கிறது. மேற்படியில் தனசிங் சாரின் உதடுகள் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.