ஒன்பதாம் நிறுத்தத்தில் மூன்று சுற்று

இரண்டாவது முறையாக அதே மூலைக்கு வந்து நின்றபோது பூபாலனுக்கு வியர்த்துவிட்டது.

கையில் அவரே எழுதிய கையேடு. 'டர்பன் கிரே தெரு: நீங்களே நடந்து பாருங்கள்.' பதினான்கு நிறுத்தங்கள், ஒரு வரைபடம், பின் அட்டையில் சிரிக்கிற பூபாலன்.

முப்பத்தைந்து வருடம் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். அவர் போட்ட வரைபடத்தை நம்பி நடந்தவர்களில் பாதிப் பேர் மீன் சந்தையில் போய் முழித்துக்கொண்டு நின்றார்கள்.

தப்பு அவர்மேல்தான். 'பழைய பயாஸ்கோப்பைத் தாண்டி இடப்பக்கம்' என்று எழுதியிருந்தார். அந்தச் சினிமாக் கொட்டகையை இடித்து இருபது வருடம் ஆகிறது. தெருக்களுக்கெல்லாம் பெயர் மாற்றிப் பலகை மாட்டிய பிறகும் அவருக்கு விக்டோரியா தெரு விக்டோரியா தெருதான். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருமே இல்லாததைக் காட்டித்தான் வழி சொல்வார்கள்.

கையேட்டை அச்சடித்த குழு அதையெல்லாம் மன்னித்துவிட்டது. மன்னிக்காதது இந்த ஒன்பதாம் நிறுத்தத்தை.

எங்கே போகச் சொன்னாலும் கையேடு மூன்று முறை இந்த மூலைக்கே கொண்டுவந்து விடுகிறது. இங்கே அப்படி என்ன சரித்திரம் என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ஒருவர் கடிதமே போட்டுவிட்டார். திங்கட்கிழமைக்குள் பூபாலன் காரணம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுபதிப்பில் இரண்டு சுற்றை வெட்டிவிடுவார்கள்.

காரணம் அவருக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது. அதுவும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தனியாகப் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்றவரிடம், நீங்கள் தொலைந்துபோவீர்கள் என்று சொல்லிச் சாலாட்சி கூடவே கிளம்பிவிட்டாள்.

அந்தக் கட்டடத்தின் கீழே ஒரு காலத்தில் குடை ரிப்பேர் கடை இருந்தது. இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். இரண்டாம் மாடியில் துருப்பிடித்த கம்பி போட்ட வராந்தா மட்டும் அப்படியே இருந்தது.

பத்தொன்பது வயதில், கல்லூரி விட்டதும் நாலு மணிக்கு, அந்த வராந்தாவுக்குக் கீழே பூபாலன் தினமும் மூன்று முறை நடப்பார். மேலே பச்சை முக்காடு போட்ட ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். முகம் ஒருநாளும் தெரிந்ததில்லை. தெருவே ஆப்பா, அதாவது அக்கா, என்று கூப்பிட்ட அந்த வீட்டுக் கதீஜாவின் மகள் ரஷீதாதான் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார்.

ஒருநாள் அண்ணாந்தபடியே நடந்து, வாழைப்பழப் பெட்டிகளில் இடறி விழுந்தார். தாடை கிழிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமைப் பரீட்சையைக் கட்டுப்போட்ட தாடையோடு எழுதினார். தழும்பைப் பற்றி யார் கேட்டாலும் ஃபுட்பால் என்றார். பந்தைக் காலால் தொட்டறியாத மனிதர்.

ரஷீதா லண்டன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். பூபாலனுக்குப் பெண் பார்த்துச் சாலாட்சியைக் கட்டிவைத்தார்கள். நாற்பத்தாறு வருடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பச்சை முக்காட்டை நினைத்தால் இன்றும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். உடனே சாலாட்சியின் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருக்கும். எழுபது வயதில் ஒருவர் சரித்திரத்தின் பெயரால் செய்கிற வேலையா இது?

மூன்றாவது முறை வந்தார்கள். நடைபாதையில் ஒருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த ஜூலுப் பெண் நோமுசா, நிமிராமலே பேசினாள்.

“பாபா, வழி தெரியலன்னா கேட்கலாம்ல.”

சாலாட்சி சிரிக்கவில்லை. அண்ணாந்து வராந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூபாலன் அவசரமாகப் பென்சிலை எடுத்தார். குழு சொல்வது சரிதான், இரண்டு சுற்றை வெட்டிவிடலாம் என்று முணுமுணுத்தார்.

அவள் அதைக் காதில் வாங்காமல், இங்கேதான் கதீஜா ஆப்பாவிடம் தையல் கற்றேன் என்றாள். ஐந்து பெண்களாம். பட்டன் ஓட்டை தைக்க வெளிச்சம் வேண்டும். வராந்தாவில் ஒரே நாற்காலி, அதனால் ஆளுக்கு ஒரு நாள். எந்த வீட்டுப் பெண்ணானாலும் தெருப்பக்கம் வந்தால் முக்காடு போட்டாக வேண்டும், அது ஆப்பாவின் சட்டம். அதற்கென்று கதவு ஆணியில் ஒரு பச்சை முக்காடு தொங்கும்.

மனைவி எங்கே தையல் கற்றாள் என்று நாற்பத்தாறு வருடத்தில் பூபாலன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆப்பாவின் மகள் தைக்கமாட்டாளா என்று மெல்லக் கேட்டார். அவள் ஊசியைக் கையால் தொட்டதில்லை என்றாள் சாலாட்சி.

பூபாலன் மனதுக்குள் கணக்குப் போட்டார். அப்படியானால் ஐந்து பேரையும் முறைவைத்துக் காதலித்திருக்கிறார்.

“எனக்கு வியாழக்கிழமை,” என்ற சாலாட்சி, அவர் தாடைத் தழும்பை ஒரு விரலால் தொட்டாள். “ரத்தத்தைப் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். பொண்ணு பார்க்க வந்தப்பவே இதை வெச்சுக் கண்டுபிடிச்சிட்டேன். என்னைக்காவது நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன் வாத்தியாரே. கடைசில புத்தகம் போட்டுல்ல சொல்லியிருக்கீங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது. பூபாலன் வாயைத் திறந்தார். நல்லவேளை, ரஷீதாவின் பெயர் வெளியே வரவில்லை.

பென்சிலைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

இன்னொரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே நின்று பார்க்கிறேன் என்றாள். பூபாலன் கிளம்பினார். நாலடி போவதற்குள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நோமுசா தன் சீப்புப் பெட்டியை அவர் காலடியிலிருந்து நகர்த்தி வைத்தாள்.