வாய்மொழிக் கட்டம்

மேசைமேல் இருந்த மின்னணு மதிப்பெண் ஏடு நான்கு மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும். பூங்கோதையின் வரிசையில் ‘வாய்மொழித் திறன்’ கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து விடுதி மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பூங்கோதைக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. காது கேட்கும், நன்றாக எழுதுவாள். தப்பு மரகதம் டீச்சருடையது. ஜூன் மாதம் நாற்பது திறன்களுக்கும் எது சான்று என்று பிள்ளைக்கேற்பத் தனித்தனியாகக் குறிக்க அலுத்துப்போய், போன வருடத்து அமைப்பையே அப்படியே ஏற்றிவிட்டாள். அதில் வாய்மொழிக்குச் சான்று குரல் மட்டும்தான்.

“மாத்தவே முடியாதா சார்?” என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டாள்.

“ஜூன்லயே பூட்டிட்டாங்க டீச்சர். ஏடு அதுவா குரலைக் கேட்டாத்தான் மார்க் போடும். அப்பவே பாத்துப் போட்டிருக்கணும்.”

மணி மூன்று ஐம்பது. மரகதம் பூங்கோதையை ஏட்டின் பக்கத்தில் நிறுத்திக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தாள். பிள்ளை சத்தமில்லாமல் சிரித்தது. “ஆ சொல்லுடி, என் தங்கமில்ல, ஒரே ஒரு ஆ” என்று கெஞ்சினாள். வெறும் காற்றுதான் வந்தது.

பிறகு அந்தச் சின்னக் கையைப் பிடித்து, நகம் பதியக் கிள்ளினாள். பூங்கோதையின் தொண்டையிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

மேசைமேல் ஏட்டின் திரை ஒளிர்ந்தது. ‘குரல் பதிவானது. முதல் சான்று ஏற்கப்பட்டது. இன்னும் இரண்டு சான்றுகள் தேவை.’

மரகதம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “என்னால முடியாதுடி.”

பூங்கோதை திரையை வாசித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையை டீச்சர் முன்னால் நீட்டினாள்.