தினம் ஒரு ஹோம்வொர்க்

“யுவர் ஐஸ் ஆர் ஸ்பார்க்ளிங்.”

வேலைக்குக் கிளம்பும் அவசரம். கையில் சீப்பும் வாயில் ஹேர்பின்னுமாக நின்றிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவர், ஷூவைப் பார்த்தபடியேதான் அதைச் சொல்லியிருந்தார்.

“என்னது?”

“ஹோம்வொர்க். இங்கிலீஷ் கிளாஸ்ல டீச்சர் கொடுத்தது. ஸ்பார்க்ளிங்கிற வார்த்தையை வச்சு வீட்ல ஒருத்தர்கிட்ட தினம் ஒரு வாக்கியம் சொல்லணும். உன் கண்ணு மின்னுதுன்னு அர்த்தம்.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“வீட்ல வேற யாரு இருக்கா?”

அவர் லிஃப்ட் மெக்கானிக். புது மெஷின்களோடு வரும் விளக்கமெல்லாம் இங்கிலீஷில் இருப்பதால், மாலை வகுப்பில் சேரச் சொல்லிக் கம்பெனியில் அனுப்பியிருந்தார்கள். எதைக் கேட்டாலும் “உம்” என்பதோடு நிறுத்திக்கொள்கிற மனுஷர். மனைவியின் தங்கை அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘உம் மாமா’.

மறுநாள் அவள் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். “தி ஃப்ளோர் இஸ் ஸ்பார்க்ளிங்” என்றார்.

அடுத்த நாள் சோடாவை டம்ளரில் ஊற்றி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இதுக்கும் அதே வார்த்தைதான். குமிழி குமிழியா மேல வருது பாரு. இப்படித் துள்ளலா இருக்கிற ஆளுங்களையும் சொல்லலாமாம். உன்னை மாதிரி.”

“நான் சோடாவா?”

“உம்.”

“ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் சரி பண்றீங்க, வீட்டுக் குழாய் ஒழுகுறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது” என்று ஒருநாள் மூச்சுவிடாமல் திட்டினாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“பேச்சுக்கும் பொருந்தும். ஸ்பார்க்ளிங் கான்வர்சேஷன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் முன் கவுன்ட்டரில் வருஷக்கணக்காக நின்றவள் அவள். புதிதாக வந்த மேனேஜர் அவளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். “முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்கம்மா” என்றார். அன்றிலிருந்து ஜன்னல் இல்லாத அறையில் லென்ஸ் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பளிச்சென்று இல்லை என்று கடையில் சொல்கிறார்கள். மின்னுகிறாய் என்று வீட்டில் சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய். மேனேஜருக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

தங்கைக்குப் போன் போட்டாள்.

“அக்கா, இத்தனை வருஷமா வாயைத் திறக்காத மனுஷன் திடீர்னு புகழ்றார்னா, ஒண்ணு காரியம் ஆகணும். இல்லை, காரியம் நடந்திருக்கணும். டீச்சர் எப்படி?”

“நான் பார்த்ததில்லை.”

“போய்ப் பாரு. முதல்ல வயசைப் பாரு.”

கணவருக்கு மாலை டியூட்டி விழுந்த ஒருநாள், வகுப்பு தொடங்கும் முன்பே போய் நின்றாள். போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே ஒரே அறை, நாலு வரிசை பெஞ்ச். வயசைப் பார்த்தாள். சின்ன வயசுதான். சிரித்தால் கன்னத்தில் குழி வேறு விழுந்து தொலைத்தது.

“உட்காருங்க.”

“வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு நீங்க கொடுக்கிற ஹோம்வொர்க்கை நிறுத்துங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“உங்க வீட்டுக்காரர் யாருங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“அவரா? அவருக்கு என்ன ஹோம்வொர்க்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. தினமும் கண்ணு மின்னுது, பேச்சு மின்னுதுன்னு என்னைக் கேலி பண்றார். நான் இப்ப இருக்கிற நிலைமைக்கு அதைக் காது கொடுத்துக் கேக்க முடியலை. சொல்லிக் கொடுக்க உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?”

டீச்சர் கையிலிருந்த டஸ்டரைக் கீழே வைத்தாள்.

“நான் யாருக்கும் ஹோம்வொர்க் கொடுக்கறதில்லைங்க. எல்லாரும் வேலை முடிஞ்சு களைச்சு வர்றவங்க. கொடுத்தா மறுநாள் வரமாட்டாங்க.”

“அப்போ அந்த வார்த்தை?”

“அது பாடத்துலயே இல்லை. அவரா கேட்டு வாங்கிட்டுப் போனது.” டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். “ஒருநாள் மழைன்னு உங்களுக்குக் குடை கொடுக்கக் கடைக்கு வந்தாராம். உங்களை உள்ளே மாத்திட்டாங்க, ஏன் மாத்தினாங்கன்னு அங்க யாரோ சொல்லியிருக்காங்க. குடையைக் கொடுக்காமலே திரும்பிட்டார். நேரா இங்கதான் வந்தார். குடையைக் கையில வச்சுக்கிட்டே தொப்பலா நனைஞ்சிருந்தார். ‘அவங்க சொன்னது பொய்னு என் வீட்டுக்காரிகிட்டச் சொல்ல, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வேணும் டீச்சர்’னார்.”



“அதைத் தமிழ்ல சொன்னா என்னவாம்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். வெட்கமா இருக்குன்னார்.”

கீழே ஸ்டுடியோவில் யாரையோ கொஞ்சம் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. நாளைக்கு அவர் வந்ததும் நிறுத்தச் சொல்லிடறேன்” என்றாள் டீச்சர்.

“நான் வந்ததையே சொல்லிடாதீங்கம்மா” என்று பதறினாள் அவள். “அந்த மனுஷன் ஹோம்வொர்க் செய்றதை விட்டுடப் போறார்.”