சோதனைச் சாவடி தாண்டி வந்த புத்தி

சிவமணியின் மகனுக்கு வளர்ச்சித் தாமதம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட அண்ணன் இராசரத்தினம், ஓய்வுபெற்ற பணிப்பாளர், போர்க்காலக் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் தங்கை வீடுவரை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையைக் காட்டிப் புத்தி சொல்ல வந்துவிட்டார்.

“நாலு வயதாகியும் கதைக்கேல்லை. இதோட நிப்பாட்டு பிள்ளை. அடுத்ததும் இப்பிடி வந்தா?” கூட்டத்தில் பேசுவதுபோல் மேசையைத் தட்டித் தட்டி விளக்கினார்.

சிவமணிக்கோ இன்னொரு பிள்ளை வேண்டும். தேத்தண்ணியை நீட்டினாள்.

“அண்ணை, நீங்கள் முதன்முதல் வாய் திறந்து கதைக்கேக்கை உங்களுக்கு ஆறு வயதாம். இனிப் பெறாதை எண்டு எல்லாரும் சொல்லியும் அம்மா கேக்கேல்லை. அதாலதான் நான் இருக்கிறன். அவவைக் கும்பிடாத நாளில்லை.”

இராசரத்தினம் மருமகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பொம்பிளைப் பிள்ளையெண்டா,” என்றார் மெல்ல, “அம்மாவின்ர பேரை வை.”